சடையனின் வலது கை

எருமப்பட்டியில் சடையனைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம். அவன் ஓட்டிய வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. முன்னால் மயிலைக் காளை ஒன்று, செவலைக் காளை ஒன்று. பின்னால் கூண்டுக்குள் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா பெரியநாயகி. அந்த வண்டியின் சலங்கை கேட்டால் பாதையில் போகிறவர்கள் தானாக ஒதுங்குவார்கள். எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி வலியோடு படுத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

சடையனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மாட்டுக் கயிற்றைப் பிடித்த பிறகுதான் அவனுக்கு மீசை முளைத்தது. இருபது வருஷத்தில் ஒரு நாளும் வண்டியைக் குடை சாய்த்ததில்லை. அதைப் பற்றி அவன் பேசியதும் இல்லை. ஆனால் வேறு யாராவது பேசினால் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்பான்.

போன ஆடியில் கொல்லிமலை அடிவாரத்துக் குடிசை வளவு ஒன்றிலிருந்து ஆள் ஓடி வந்தது. பொன்னாயி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஒன்பது மைல் தூரம். நடுவில் இரண்டு ஓடை, இரண்டிலும் சக்கரம் புதைகிற மணல். சடையன் மாடுகளை அடித்தான்; வழக்கமாக அடிக்காதவன். வாயில் நுரை தள்ளிக்கொண்டு மாடுகள் போய் நின்றபோது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தை அழுதுகொண்டிருந்தது. பொன்னாயியின் உயிர் அடங்கி அரை நாழிகை ஆகியிருந்தது.

திரும்பி வரும் வழியில் டாக்டரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இனிமே மாட்டை அடிக்காதே சடையா. அதால முடிஞ்சது அவ்வளவுதான்."

பங்குனியில் மேட்டூரிலிருந்து மோட்டார் சைக்கிள் வந்தது. அணை வேலை முடிந்து சீமைக்குப் போன இன்ஜினீயர் ஒருவர் விட்டுப்போனதை டாக்டரம்மா வாங்கியிருந்தார். பக்கவாட்டில் ஓர் ஆள் உட்காரும்படி சைடுகார் பூட்டியிருந்தது. ஊரார் அதைத் தொட்டி என்றார்கள். சேலத்திலிருந்து ஓட்டத் தெரிந்த ஓர் ஆளை அமர்த்தலாம் என்று டாக்டரம்மா யோசித்துக்கொண்டிருந்தபோது, எதையும் கேட்டறியாத சடையன் வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, அதை நானே ஓட்டறனுங்க."

"உனக்கு மாடு தெரியும். மோட்டார் தெரியுமா?"

"மாடும் நான் பொறக்கறப்பத் தெரியாதுங்க."

நாமக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருந்த சரவணமுத்து மோட்டார் சைக்கிளும் ஓட்டுவான், லைசென்ஸ் வைத்திருந்தான். அவன் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து பாடம் சொன்னான். இடது கையில் கிளட்ச். பெட்ரோல் டாங்கி ஓரத்தில் கியர்க் குச்சி. காலடியில் பிரேக். "வலது கைப்பிடிதான் முக்கியம் பங்காளி. உன் பக்கமா முறுக்குனா ஓடும். அக்கட்டால தள்ளி முறுக்குனா அடங்கும்." தொட்டி காலியாக இருந்தால் தூக்கிவிடும் என்று அதில் ஒரு மண் மூட்டையை வைத்தான். ஏரிக்கரையில் நான்கு தடவை போய்வந்தார்கள். மத்தியான பஸ்ஸில் சரவணமுத்து ஊருக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் சடையன் தனியாக ஓட்டினான். ஏரிக்கரை வளைவு வரைக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது. முகத்தில் அடிக்கிற காற்று மாட்டு வண்டியில் அடிக்கிற காற்று இல்லை. புளிய மரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பின்னால் போயின. அப்போது ஏரிக்குள்ளிருந்து ஓர் எருமை மேலேறிக் குறுக்கே வந்து நின்றது. சடையன் நிறுத்தத்தான் பார்த்தான். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. எருமைக்கு ஒரு முழம் தள்ளி, மைல் கல்லில் முட்டி நின்றது. சடையன் ஆவாரஞ் செடிக்குள் கிடந்தான். எருமை அவனைப் பார்த்துவிட்டு, அவசரம் இல்லாமல் கரையிறங்கிப் போயிற்று.

முழங்கையிலும் தாடையிலும் தோல் உரிந்திருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. வண்டியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தான். முன்சக்கரம் பொரித்த அப்பளம் மாதிரி கோணியிருந்தது. ஏழு கம்பிகள் அறுந்திருந்தன. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கவை பின்பக்கமாக வளைந்துவிட்டது. பெட்ரோல் டாங்கியின் மூக்கில் ஓர் ஓட்டை. அதன் வழியே பெட்ரோல் சொட்டி மண்ணில் ஒரு கறுப்பு வட்டம். முன்விளக்கில் கண்ணாடி இல்லை. மண் மூட்டை மட்டும் தொட்டிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தால் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைப்பு ஓடவில்லை.

மாட்டைக் கொண்டுவந்து பூட்டி மோட்டாரை இழுத்துப் போனார்கள். ஊர் வழியாகத்தான் போக வேண்டும். டீக்கடைக்காரன் சண்முகவேல் எழுந்து நின்று கும்பிட்டான்.

"சடையண்ணா, மாட்டுக்கு ஓய்வு குடுக்கத்தானே இதை வாங்குனது? கடைசில அதும் மாட்டுக்கே வேலையாப் போச்சுதே."

சடையன் மாடுகளைத் தட்டி ஓட்டினான். மாடுகள் கூடச் சிரிப்பது போல் இருந்தது.

டாக்டரம்மா முதலில் அவன் முழங்கையைக் கழுவினார். டிஞ்சர் போட்டார். பிறகுதான் பேசினார். "திங்கட்கிழமை சேலத்துக்கு எழுதிடறேன். நீ வழக்கம்போல மாட்டு வண்டியைப் பாத்துக்கோ."

"அம்மா, ஒரு பத்து நாள் குடுங்க."

"எதுக்கு?"

"அடுத்த வாரம் போயி மறு திங்கட்கெழமை லைசென்ஸ் பரீட்சை பாக்க இன்ஸ்பெக்டர் நாமக்கல்லுக்கு வாராருங்க. அதுக்குள்ளாற வண்டியச் சரி பண்ணிப்போடறேன். என்னையுஞ் சரி பண்ணிக்கறேன்."

டாக்டரம்மா டிஞ்சர் புட்டியை மூடினார். "வண்டி ஏன் விழுந்துச்சு?"

"எருமை குறுக்க வந்துச்சுங்க. நிறுத்தப் பாத்தேன், வண்டி பாஞ்சுதுங்க."

"நம்ம ஊர்ல எருமை தினமும் குறுக்க வரும். அதைக் கேக்கலை. நீ நிறுத்தப் பாத்தேங்கறே, அது பாஞ்சுதுங்கறே. ஏன் பாஞ்சுது? காரணம் தெரியாத காய்ச்சலுக்கு நான் மருந்து தர்றதில்லை. அது தெரியாம நான் அந்தத் தொட்டியில உக்காரவும் மாட்டேன். பத்து நாள் எடுத்துக்கோ. காரணத்தோட வா."

அன்று சடையனின் மனைவி அத்தாயி மிளகாயையும் உப்பையும் அவன் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். "ஊரு கண்ணு பூரா உங்க மேலதானுங்க மாமா" என்றாள். மிளகாய் நெடியே வரவில்லை. கண்ணேறுதான் என்று அவளுக்குச் சந்தேகமறத் தீர்ந்துவிட்டது. சண்முகவேலுக்கோ அது பழைய வண்டி, பிரேக் பிடித்திருக்காது. யாரோ மணல் என்றார்கள். சடையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை. பாய்ந்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. யாரோ பின்னாலிருந்து தார்க்குச்சியால் குத்திய மாதிரி ஒரு பாய்ச்சல்.

சனிக்கிழமை முன்சக்கரத்தைக் கழற்றி, ஏழு கம்பிகளும் புதுசாகப் போடச் சொல்லி, நாமக்கல் பஸ்ஸின் கூரையில் ஏற்றி சரவணமுத்துவுக்கு அனுப்பினான். கவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னுசாமி ஆசாரியின் பட்டறைக்குப் போனான். வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை போடுகிறவர் அவர். கவையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"காய்ச்சி நிமுத்திப்போடலாமுங்களா ஆசாரி?"

"காய்ச்சப்படாது. இங்க பாரு, மூட்டுக்கு மூட்டு பித்தளை வெச்சுப் பத்தவெச்சிருக்கறான். தீயில காட்டுனா அது ஒழுகிப்போயிரும். பொறவு நீ நடுரோட்டுல சக்கரத்தைத் தேடிக்கிட்டுத் திரிவே."

"சுத்தியல்ல அடிச்சா?"

"கொழாயி இது. அடிச்சா நசுங்கும்." ஆசாரி வெற்றிலையை இடது கன்னத்துக்கு மாற்றினார். "காய்ச்சாமப் பச்சை இரும்பாவே இழுக்கோணும். மெதுவா. நெல்லு நெல்லா. அவ்வளவு மெதுவா இழுக்கறதுக்கு ஆளு இல்லை, மெசினும் இல்லை."

சடையன் கொஞ்சம் யோசித்தான். "மாடு இழுக்குமுங்க."

"மாடு ஒரே இழுவையா இழுத்துக் கவையைக் கையில குடுத்துரும்."

"எம்மாடு அப்புடி இழுக்காதுங்க."

பட்டறைக்குப் பின்னால் வெட்டிப்போட்ட புளிய மரத்தின் அடிமரம் இருந்தது. அதன் இரண்டு கிளைக்கு நடுவில் ஈரச் சாக்கைத் திணித்து, கவையின் மேல்முனையைச் செருகி ஆப்பு வைத்தார்கள். கீழ்முனையில் வடம். வடத்தின் மறுமுனை நுகத்தடியில். ஆசாரி நேரான ஒரு கம்பியைக் கவையோடு ஒட்டிவைத்துக் குனிந்து உட்கார்ந்தார். சடையன் மாடுகளுக்குப் பின்னால் கயிற்றோடு நின்றான்.

நாக்கைத் தட்டினான். மாடுகள் முன்னால் சாய்ந்தன. வடம் விறைத்துப் பாடியது. சடையன் கயிற்றை இழுத்துப் பிடித்தான். மாடுகள் சாய்ந்தபடியே நின்றன.

"ஒரு நெல்லு வந்திருக்குது" என்றார் ஆசாரி. "இன்னும்."

மறுபடி நாக்கைத் தட்டினான். மறுபடி பிடித்தான். மாடுகளின் பின்தொடை நடுங்குவது தெரிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஆசாரிக்கு வேர்வை சொட்டிக் கம்பியில் விழுந்தது. "இன்னும் அரை நெல்லு… வருது, வருது… போதும், நிறுத்து."

சடையன் இரண்டு கையையும் நெஞ்சுக்கு இழுத்தான். மாடுகள் கல்லாக நின்றன.

அவன் கயிற்றைத் தளர்த்தவில்லை. தன் வலது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏண்டா, மரமாட்டம் நிக்கறே? கவை நிமிந்திருச்சு. கயித்தை விடு."

"இருங்க ஆசாரி." அவன் குரல் மாறியிருந்தது. கையை மெல்ல முன்னால் விட்டான். மறுபடி இழுத்தான். நெஞ்சை நோக்கி வரும்போது மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியது. பிடித்த பிடி தன் பக்கமாக உருண்டது. இருபது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம். அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மாடு நிக்கோணும்னா இப்புடி இழுக்கறனுங்க. அந்த வண்டியில இப்புடி முறுக்குனா…"

ஆசாரி நிமிர்ந்தார். "பாயும்."

"பாஞ்சுதுங்க. நாந்தான் பாய வெச்சிருக்கறேன். எருமையக் கண்டதும் மாட்டை நிறுத்தற மாதர இழுத்துப்போட்டேன். இழுக்க இழுக்க எச்சாப் பாஞ்சுது."

ஆசாரி வெற்றிலையைத் துப்பினார். "அப்ப கவையை வளைச்சதும் இந்தக் கைதான், நிமுத்துனதும் இந்தக் கைதான். எனக்கு வேலையே இல்லை, போ."

சடையன் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனான். டாக்டரம்மா கத்தரிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தார். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு துணியைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தார். "இழுத்துக் காட்டு." காட்டினான். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"சரி. காரணம் இதுதான். இனிமே கையைத் தள்ளணும்னு உனக்குத் தெரியுது. ஆனா தெரிஞ்சா போதாது சடையா. பயம் வந்தா புத்தி பின்னால நின்னுக்கும், கைதான் முந்தும். பிரசவ வலியில பொம்பளைங்க கட்டிலைப் பிடிக்கறதை நான் தினமும் பாக்கறேன். விடுன்னா விடமாட்டாங்க. அவங்களுக்குக் காது கேக்காம இல்லை."

"ஆமாங்கம்மா. அதனால கைக்கே சொல்லிக்குடுக்கோணுமுங்க."

"அதுக்கு என்ன மருந்து?"

"எங்கிட்ட மாடு இருக்குதுங்க" என்றான் சடையன்.

அவன் செய்தது இது. மாட்டு வண்டியின் முன்னால், ஏர்க்காலுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் துண்டைக் கட்டினான். கயிற்றைத் தளரவிட்டு மூங்கிலில் மாட்டிவைத்தான். கயிற்றைத் தொடுவதில்லை. இரண்டு கையும் மூங்கிலில். நிறுத்த வேண்டுமானால் வாயால் "ஹோ" சொல்ல வேண்டும், வலது கையை முன்னால் தள்ளி முறுக்க வேண்டும், வலது காலால் பலகையை ஓங்கி மிதிக்க வேண்டும். மாடுகளுக்கு வாய்ச் சொல் தெரியும். ஆனால் சடையனின் மாடுகள் அவன் கயிற்றுக்கே பழகியவை; கயிறும் சேர்ந்து வந்தால்தான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

முதல் நாள் மயிலை அந்த "ஹோ"வை மதிக்கவில்லை. தளர்ந்த கயிறு என்றால் ஓடு என்று பொருள். நேராக எள்ளுக்காட்டுக்குள் போயிற்று. காட்டுக்காரர் வைததைச் சடையன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். இரண்டாம் நாள் கையே துரோகம் செய்தது. ஒரு நாய் குறுக்கே ஓட, அவன் மூங்கிலையே பிடுங்கி நெஞ்சில் இடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் மாடுகள் புரிந்துகொண்டன. அவனுக்கு இன்னும் புரியவில்லை. மாடுகளுக்கு முன்னால் தான் தோற்பது அவனுக்குப் புதிது.

டீக்கடை வழியாகப் போகும்போதெல்லாம் சண்முகவேல் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினான். "பாருங்க, பாருங்க. அண்ணன் மாட்டைத் தள்ளிவிட்டு நிறுத்தறாரு. கொஞ்ச நாள்ல இழுத்து ஓட்டுவாரு."

"ஹோ" என்றான் சடையன். கையைத் தள்ளினான். பலகையை மிதித்தான். வண்டி கடைக்கு நேரே நின்றது. "டீ ஒண்ணு குடு" என்றான்.

அதற்கிடையில் மற்ற வேலையும் நடந்தது. பாத்திரம் பற்றவைக்கிறவர், பெட்ரோல் வாசனை போகும்வரை பெட்ரோல் டாங்கியைத் தண்ணீரால் அலசி, ஓட்டை வரைக்கும் தண்ணீர் நிரப்பிவைத்து, ஈயம் வைத்தார். வியாழக்கிழமை பஸ் கூரையிலிருந்து சக்கரம் இறங்கியது. சுழற்றினால் கோணாமல் ஓடியது. ஏழு கம்பிகள் மட்டும் புதுசாக மின்னின. விளக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை; பரீட்சை பகலில்தானே என்று விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டினான். கழற்றும்போது ஒவ்வொரு மரையையும் கழற்றிய வரிசையில் ஒரு கயிற்றில் கோத்துவைத்திருந்தான். கடைசி மரையில் கயிறு காலியாயிற்று. மிச்சம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை வண்டியை வற்றிய ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போனான். அத்தாயியும் கூட வந்தாள், தலையில் நான்கு பழைய கூடைகளோடு.

"நான் ஓட்டிக்கிட்டு வாரேன். நீ எப்ப வேணும்னாலும் கூடையை முன்னால எறி. சொல்லிட்டு எறியாதே."

"அடிச்சுக் கிடிச்சு வெச்சீங்கன்னா?"

"கூடைதானே."

"நான் என்னையச் சொன்னனுங்க மாமா."

"நீ கரம்பை மண்ணு மேட்டு மேல நின்னுக்கோ."

அவன் ஏறி உட்கார்ந்தான். உரிந்த முழங்கையில் தோல் இழுத்தது. மைல் கல் கண்ணுக்குள் வந்து நின்றது. உதைத்துக் கிளப்பினான். முதல் கூடை வந்தபோது கை நெஞ்சுக்குத்தான் வந்தது. வண்டி கூடை மேல் ஏறி அரைத்துவிட்டுப் போயிற்று. அத்தாயி மேட்டிலிருந்து கத்தினாள்: "அது எருமையா இருந்திருந்தா இந்நேரம் உங்களை முட்டியிருக்கும்." இரண்டாவது கூடையும் போயிற்று. மூன்றாவதை, அவன் கொஞ்சமும் எதிர்பாராத நேரத்தில், எட்டு நாள் கோபத்தையும் சேர்த்து எறிந்தாள். அது அவன் காலடியிலேயே விழுந்தது.

"ஹோ."

வண்டி நின்றிருந்தது. என்ஜின் அடங்கி முனகியது. சடையன் குனிந்து பார்த்தான். வலது கை முன்னால் போயிருந்தது. அவன் போகச் சொல்லவில்லை. கால் பிரேக்கின் மேல் இருந்தது. அதையும் அவன் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை எறி" என்றான்.

அன்றும் மறுநாளும் அத்தாயி தோள் வலிக்கும்வரை எறிந்தாள். கூடைகள் முடிந்து முறம் வந்தது, முறம் முடிந்து பழஞ்சேலையைச் சுருட்டிப் பந்தாக்கினாள்.

திங்கட்கிழமை சரவணமுத்து வந்து மோட்டாரை நாமக்கல்லுக்கு ஓட்டிப்போனான். தொட்டியில் மண் மூட்டைக்குப் பதில் சடையன். இன்ஸ்பெக்டர் உயரமான மனிதர், பேச்சு குறைவு. வண்டியைச் சுற்றி வந்தார். புதுக் கம்பிகளைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத விளக்கைப் பார்த்தார்.

"எங்கே முட்டினே?"

மறைக்கலாமா என்று ஒரு நொடிதான் நினைத்தான். "மைல் கல்லுலீங்க. பத்து நாள் ஆச்சுங்க."

இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்தார். பிறகு முழங்காலை மடக்கித் தொட்டிக்குள் உட்கார்ந்தார். "கோட்டையைச் சுற்றிப் போ."

கோட்டைப் பாறையின் நிழல் தாண்டிக் கடைவீதி திரும்பும் இடத்தில், நெல் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று சந்திலிருந்து திடீரென்று நீட்டியது. முதலில் தெரிந்தது மாட்டுக் கொம்புகள்தான்.

"ஹோ" என்று சடையன் பெருங்குரலில் சொன்னான். கை தள்ளியது, கால் மிதித்தது. மோட்டார் கொம்புக்கு ஒரு கஜம் இப்பால் நின்றது. அதே நேரம் அந்த மாடுகளும் நின்றன, நடுத்தெருவில், கட்டளைக்குக் கட்டுப்பட்டு. வண்டிக்காரன் நாக்கைத் தட்டியும் அவை நகரவில்லை.

"ஏனய்யா, எம்மாட்டை எதுக்கு நீ நிறுத்தறே?" என்றான் வண்டிக்காரன்.

இன்ஸ்பெக்டர் தொட்டிக்குள்ளிருந்து தலையைத் திருப்பினார். "யாரைச் சொன்னே ஹோன்னு?"

"கையைங்க" என்றான் சடையன்.

அவர் லைசென்ஸ் தாளை எடுத்தார். விளக்குக்குக் கண்ணாடி போடாமல் இருட்டில் ஓட்டக்கூடாது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

சேலத்துக்கு எழுதிவைத்திருந்த கடிதத்தை டாக்டரம்மா அனுப்பவே இல்லை. மேசை இழுப்பறையில் கிடந்ததை அன்று எடுத்துக் கிழித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அடிவாரத்து வளவிலிருந்து மறுபடி ஆள் வந்தது. அவர் மருந்துப் பெட்டியோடு வெளியே வந்தபோது, சடையன் மண் மூட்டையைத் தொட்டியிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"ஓடை மணல்?"

"பாத்துக்கறனுங்க."

ஒன்பது மைலுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வழியில் எதிரே வந்த மூன்று மாட்டு வண்டிகள் சடையனின் குரல் கேட்டு நடுப்பாதையில் நின்றுபோயின. மூன்று வண்டிக்காரர்களும் அவனை வைதார்கள். அவர்கள் வைது முடிப்பதற்குள் மோட்டார் அடுத்த திருப்பத்தில் இருந்தது. வளவின் முதல் குடிசைக்கு முன்னால் அவன் கை முன்னே போயிற்று. உள்ளே ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் கேட்டதும் டாக்டரம்மா பெட்டியோடு குதித்து இறங்கினார்.

சடையன் என்ஜினை அணைத்துவிட்டு, கைப்பிடியில் இருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.